பழைய பிக்கப் அந்தக் காலத்தில் உண்மையிலேயே அவ்வளவு நன்றாக ஓடியதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்பது ஆண்டுகள் வைத்திருந்த 1966 செவ்ரோலே சி10 பிக்கப், அவர் மறைவுக்குப் பிறகு உங்களிடம் வந்திருக்கிறது. அவருடைய நண்பர்கள் அதைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கி, "ஒரு நாள்கூடத் தொல்லை கொடுத்ததில்லை, ஒற்றை விரலால் ஓட்டலாம், மலையேற்றத்தில் புதுக் கார்களைத் தாண்டிப் போவோம்" என்கிறார்கள். நீங்கள் ஓட்டினால் வண்டி சாலையில் அலைகிறது, பிரேக் பிடித்தால் வலப்பக்கம் இழுக்கிறது, இருபது நிமிடம் ஓடியபின் இழுப்பு இன்னும் கூடுகிறது, கேபினுக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது. போதாததற்கு எஞ்சின் தொழிற்சாலையில் பொருத்திய எஞ்சின் இல்லை. முன் சக்கரங்களில் ஐந்து நட், பின் சக்கரங்களில் ஆறு. நண்பர்கள் மிகைப்படுத்துகிறார்களா, மாற்றங்களையெல்லாம் கழற்றி எறிந்து 1966இல் வெளிவந்த நிலைக்கே கொண்டுபோகலாமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. நீங்கள் திரும்பப் பெற விரும்புவது தொழிற்சாலையின் வண்டியையா, அந்தப் பெரியவரின் வண்டியையா?

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழைய அமெரிக்க கார்களையும் பிக்கப்களையும் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் கீழே எது உறுதி, எது என் ஊகம் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

நண்பர்களின் நினைவை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் "தொல்லை கொடுத்ததில்லை" என்ற சொல்லுக்கு அன்று இருந்த பொருள் வேறு. அந்தத் தலைமுறை வண்டிகளில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்கள் என்ற தொடுமுனைகள் இருக்கும். அவை தேயும். இடைவெளி மாறினால் பற்றவைக்கும் நேரமும் மாறும், எஞ்சின் சோம்பும். செவ்ரோலே வி8 டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒரு சிறிய ஜன்னல் மூடி உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தூக்கி, அறுகோணச் சாவியை நுழைத்து, பாயின்ட்கள் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் டுவெல் அளவியில் 30 டிகிரி வரும்வரை திருப்புவார்கள். ஸ்டீயரிங் இணைப்புகளிலும் பால் ஜாயின்ட்களிலும் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கும். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் அவற்றுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். டிரம் பிரேக்கின் ஷூக்களை அவ்வப்போது நெருக்கிவிட வேண்டும். குளிர்காலம் வந்தால் கார்புரேட்டரின் சோக்கைச் சரிபார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதையெல்லாம் செய்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்ட மனிதர் அதைப் பழுது என்று எண்ணவில்லை. பல் துலக்குவதுபோல அது ஒரு வழக்கம். நடுவழியில் நின்றால்தான் அவருக்குத் தொல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் நண்பர்கள் சொல்வது முழு உண்மை.

உங்களிடம் வந்த வண்டிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். இது ஊகம்தான், ஆனால் நான் பார்த்த வழக்கமான கதை. வயது ஏற ஏற உரிமையாளர் குனிந்து வண்டிக்கடியில் போவதை நிறுத்துகிறார், வண்டியின் ஓட்டம் குறைகிறது, கொட்டகையில் நிற்கும் காலம் நீள்கிறது. ரப்பர் ஹோஸ்கள் உள்ளுக்குள் உப்புகின்றன, பிரேக் திரவம் ஈரம் உறிஞ்சுகிறது, கிரீஸ் கட்டியாகிறது. நண்பர்கள் ஓட்டியது பத்து வயது வண்டியை, பழகிய ஒரு கை வாரந்தோறும் தொட்ட வண்டியை. நீங்கள் ஓட்டுவது அதே சேசிஸ் எண் கொண்ட வேறொரு வண்டியை.

நினைவு ஏமாற்றும் இடமும் உண்டு. மலையேற்றத்தில் புதுக் கார்களைத் தாண்டிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் அறிவித்த குதிரைத்திறன், ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர் சுமை, வண்டியில் பொருத்தும் சைலன்சர் எதுவும் இல்லாமல் சோதனை மேடையில் ஓட்டி அளந்தது. 1972இலிருந்து அவையெல்லாம் பொருத்திய நிலையில் அளந்த எண்ணையே அச்சிட்டார்கள். செவ்ரோலேயின் சாதாரண 350 கன அங்குல எஞ்சினுக்கு 1971இல் பழைய முறையில் 245 குதிரைத்திறன், புதிய முறையில் 165. ஒரே எஞ்சின், இரண்டு எண்கள். "எழுபத்திரண்டுக்குப் பிறகு வண்டிகளில் உயிரே போய்விட்டது" என்று நண்பர்கள் பெருமூச்சு விட்டால், அதில் ஒரு பங்கு காகிதத்தில் நடந்த மாற்றம். இன்னொரு பங்கு உண்மை: ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக 1971இலேயே எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்துவிட்டார்கள். தவிர, அந்தக் கால வண்டிகளில் மோசமானவை என்றோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. எஞ்சி நிற்பவற்றை வைத்துக்கொண்டு "அந்தக் காலத்து வண்டி எல்லாமே இரும்பு மாதிரி" என்று சொல்வது சரியாகாது. 1966 சி10இன் ஸ்டீயரிங் தண்டு மோதலில் மடங்காது. மார்பை நோக்கி நிற்கும். அதைப் பற்றி எந்த நினைவுகூரலிலும் நான் கேட்டதில்லை.

இப்போது நீங்கள் குறையாகச் சொன்ன ஐந்து நட், ஆறு நட் விஷயம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பெரியவர் விட்டுச்சென்ற கடிதமாகத் தெரிகிறது. உங்கள் வண்டி புதிதாக வந்தபோது நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், நான்கிலும் ஆறு நட். போதாக்குறைக்கு, மிதியின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. ஒரு குழாய் எங்கேனும் வெடித்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். 1967 மாடலில்தான் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் வந்தது. 1971இல் செவ்ரோலே தன் அரை டன் பிக்கப்களுக்கு முன்பக்க டிஸ்க் பிரேக்கைக் கொடுத்து, சக்கரங்களை ஐந்து நட்டுக்கு மாற்றியது. 1963 முதல் 1972 வரையுள்ள சேசிஸில், 1973 முதல் 1987 வரையுள்ள பிக்கப்பின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தை, சஸ்பென்ஷனும் டிஸ்க் பிரேக்கும் சேர்த்து அப்படியே கழற்றிவந்து, சில துளைகள் போட்டுப் பொருத்திவிடலாம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பொருளை வைத்து வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய வேலை என்பதால் பலர் செய்தார்கள். பின் அச்சை மாற்றப் பணமோ நேரமோ இல்லாதவர்கள் முன்னே ஐந்தும் பின்னே ஆறுமாக ஓட்டினார்கள். ஆகவே உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் டிஸ்க் பிரேக் இருக்கும் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தாலே தெரியும். ஒரு முன்னெச்சரிக்கை: உங்களிடம் ஒரே ஒரு உபரிச் சக்கரம் இருந்தால், அது ஒரு முனைக்குத்தான் பொருந்தும். நீண்ட பயணத்துக்கு இரண்டு எடுத்துச் செல்லுங்கள்.

இதைக் கழற்றிவிட்டு டிரம் பிரேக்குக்குத் திரும்பாதீர்கள். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. டிரம் பிரேக் ஒரு முறை நன்றாக நிற்கும், இறக்கத்தில் நான்காவது முறை அழுத்தும்போது சூடேறித் தளர்ந்திருக்கும், தண்ணீரில் இறங்கி ஏறினால் சிறிது தூரத்துக்கு இருக்கவே இருக்காது. பெரியவர் அதை உணர்ந்துதான் மாற்றியிருக்கிறார்.

ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கலாம், உங்கள் வலப்பக்க இழுப்பு அங்கேயிருந்து வரலாம். இது ஊகம், சோதித்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சிறிய வால்வு இருக்கும். மிதியை விட்ட பிறகும் குழாயில் சிறிதளவு அழுத்தத்தைத் தக்கவைப்பதே அதன் வேலை; டிரம்முக்கு அது தேவை. டிஸ்க் பிரேக்கில் அந்த எஞ்சிய அழுத்தம் பேடைத் தட்டின்மேல் ஒட்டியே வைத்திருக்கும். வண்டி ஓட ஓடச் சூடேறும், சூடேற ஏற அழுத்தம் கூடும். இருபது நிமிடத்துக்குப் பிறகு மோசமாகிறது என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தவுடன் என் மனம் அங்கேதான் போனது.

இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, தட்டையான இடத்தில் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின்மேல் உறுதியாக நிறுத்துங்கள். இரண்டு சக்கரங்களையும் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டும் இறுக்கமாகச் சுற்றினால் பொதுவான காரணம்: அந்த வால்வு, அல்லது மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவேயுள்ள தள்ளுகம்பி முழுதாகப் பின்வாங்க இடமில்லாமல் இருப்பது. வலப்பக்கம் மட்டும் இறுகியிருந்தால் அந்தப் பக்கத்துக் கேலிப்பரில், அதாவது பேடைத் தட்டின்மேல் அழுத்தும் பிடியில், காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் பிளீடர் திருகைச் சற்றே திறந்து பாருங்கள். திரவம் சூடாகப் பீறிடும், கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். திறந்தும் சக்கரம் விடுபடவில்லை என்றால் கேலிப்பருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்கிறது. விடுபட்டால் குழாயில் அழுத்தம் சிக்கியிருக்கிறது. சக்கரம் மறுபடி இறுகிய நிலையில் பிளீடரை மூடி வைத்துவிட்டு, ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் இணைப்பைத் தளர்த்துங்கள். அப்போது விடுபட்டால் கோளாறு அதற்கு மேலே, விடுபடவில்லை என்றால் ஹோஸ்தான். பழைய ரப்பர் ஹோஸின் உட்சுவர் உப்பி, மிதிக்கும் வேகத்தில் திரவத்தை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பிவர விடாமல் அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். இந்தச் சோதனையை முடித்ததும் எல்லா இணைப்புகளையும் இறுக்கிக் காற்றை வெளியேற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் இன்னும் ஒரே அறைதான் இருக்கிறது என்று கண்டால், மற்ற எல்லா வேலைக்கும் முன்பு அதை டிஸ்க், டிரம் கலந்த அமைப்புக்கான இரட்டை அறை சிலிண்டராக மாற்றி, முன், பின் பிரேக் அழுத்தத்தைச் சமன்செய்யும் கலவை வால்வையும் போடுங்கள். பிரேக் வேலையில் முன்பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பெட்ரோல் வாடையை அலட்சியப்படுத்த வேண்டாம். உங்கள் மாடலில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு வரும் ரப்பர் ஹோஸ், அளவுகாட்டியின் கேஸ்கெட், மூடி ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். அந்த ஹோஸ் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதல்ல. இன்றைய எரிபொருளைத் தாங்கும் ஹோஸைப் போடுங்கள். டேங்கையே சேசிஸின் பின்பகுதிக்கு, சரக்குத் தட்டுக்கு அடியில் மாற்றுபவர்களும் உண்டு. எனக்குப் பிடித்த மாற்றம் அது. தலைக்குப் பின்னால் பெட்ரோல் இல்லை, இருக்கைக்குப் பின்னே இடமும் கிடைக்கிறது.

வண்டி அலைவதற்கு ஒரே காரணம் இருக்காது. ஸ்டீயரிங் பெட்டியின் தளர்ந்த ஆட்டம், டை ராட் முனைகளின் தேய்மானம், புஷ்களின் தளர்வு எல்லாம் சேர்ந்துதான் அலைக்கும். அவற்றையெல்லாம் சரிசெய்தும் அலைந்தால் கவனிக்க வேண்டியது அலைன்மென்ட். பழைய கையேட்டில் உள்ள கோணங்கள் குறுக்கிழை டயர்களுக்கும் பவர் இல்லாத ஸ்டீயரிங்குக்கும் எழுதப்பட்டவை. இன்று நீங்கள் போடும் ரேடியல் டயருக்கு முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்னோக்கிய சாய்வை, காஸ்டர் என்பார்களே அதை, சற்றுக் கூட்டினால் வண்டி நேர்க்கோட்டில் தானாக நிற்கும். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனின் மேல் கையில், அதன் தண்டுக்குப் பின்னாலுள்ள தகடுகளைக் கூட்டிக் குறைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். கணினி காட்டும் பச்சை விளக்கை மட்டும் நம்புகிறவரிடம் கொடுக்காமல், தகடு வைத்து வேலை செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வண்டியை யாரேனும் தாழ்த்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இதை நான் கேட்பதற்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. என் முதல் பிக்கப் 1968 சி10. இருபத்திரண்டு வயதில், தரையை ஒட்டிப் போக வேண்டும் என்ற ஆசையில் பின் ஸ்பிரிங்குகளைக் கேஸ் டார்ச்சால் வெட்டிவிட்டேன். அந்த வண்டியின் பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது ஒரு குட்டையான குறுக்குத் தண்டு. அதன் ஒரு முனை சேசிஸில், மறுமுனை அச்சில். வண்டி தாழ்ந்தால் அந்தத் தண்டின் கோணம் மாறி அச்சையே ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். ஒரு டயர் உள்ளே போய், மறு டயர் வெளியே நீட்டிக்கொண்டு, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தகரத்தில் உரசியது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆனது. அதற்குள் மனம் வெறுத்து விற்றுவிட்டேன். நீளமான தண்டு ஒன்றைப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்த வண்டியின் கதவு மூடும் ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. விற்றதை நினைத்து வருந்தும் பெரியவர்களின் பேச்சை அதனாலேயே நான் ஒருபோதும் மிகை என்று தள்ளுவதில்லை. உங்கள் வண்டியின் பின் டயர்கள் இரண்டும் தகரத்திலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று அளந்துவிடுங்கள்.

எஞ்சினுக்கு வருகிறேன். 350 முதலில் வந்தது 1967 மாடலில் என்பதால், 1966 வண்டியில் அது இருந்தால் பின்னாளில் போட்டதுதான், இதில் ஐயமில்லை. பிளாக்கின் பின்புறம், ஓட்டுநர் பக்கத்து விளிம்பில் வார்ப்பு எண் இருக்கும். அதை வைத்து எந்தக் காலத்து பிளாக் என்று தேடலாம். 1955இல் 265 கன அங்குலமாகத் தொடங்கி 283, 327, 350 என்று வளர்ந்த இந்தச் சிறிய வி8 குடும்பம் வெளிப்புறத்தில் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால்தான் ஓர் எஞ்சினை இறக்கி இன்னொன்றை ஏற்றுவது ஒரு வாரக்கடைசி வேலையாக இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி பெரிதாக, தீப்பொறிக்கான மின்சுருளும் அதன் உச்சியிலேயே இருந்தால் அது எழுபதுகளின் நடுவில் வந்த மின்னணு வகை. அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். பழைய பாயின்ட் முறைக்காக வைத்திருந்த மின்தடைக் கம்பியிலிருந்தே அதற்கு மின்சாரம் எடுத்திருப்பதைப் பல வண்டிகளில் கண்டிருக்கிறேன்; எஞ்சின் ஓடும், ஆனால் வேகத்தில் தடுமாறும். மலையேற்றத்தில் சோர்கிறது என்றால் முதலில் அந்தக் கம்பியைப் பாருங்கள்.

ஈயமில்லாத பெட்ரோல் பழைய வால்வு இருக்கைகளைத் தின்றுவிடும் என்று உங்களைப் பலர் பயமுறுத்துவார்கள். பாரம் ஏற்றி, நீண்ட நேரம் உச்ச வேகத்தில் ஓட்டினால் அது நடக்கும். வாரக்கடைசியில் மெதுவாக ஓட்டும் வண்டிக்கு அதற்காக இப்போதே ஹெட்டைக் கழற்ற நான் சொல்லமாட்டேன். ஆயிலில் மட்டும் கவனம் வேண்டும்: இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு தட்டையான டேப்பட்டில் உரசி ஓடுவது, அதைக் காக்கும் துத்தநாகச் சேர்மம் இன்றைய சாதாரண கார் ஆயில்களில் குறைவு. பழைய எஞ்சின்களுக்கென்றே விற்கும் ஆயிலை வாங்குங்கள்.

மதிப்பு போய்விடுமோ என்ற உங்கள் அச்சம் புரிகிறது. வண்டியின் எண்ணோடு எண்கள் பொருந்தும் அசல் எஞ்சின் என்பது கார்வெட் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். உழைப்பதற்காகச் செய்த ஒரு பிக்கப்பில், எஞ்சின் மாறியதைவிடக் கேபின் மூலைகளிலும் கதவடிப் பெட்டியிலும் உள்ள துருவும், அதை மறைக்கப் பூசிய பட்டியும்தான் விலையைத் தின்னும். அதனால் 283 எஞ்சினைத் தேடி அலையும் பணத்தைத் தரைத்தகடு வெல்டிங்குக்குச் செலவிடுங்கள். நீங்கள் புதிதாகச் செய்யும் எந்த மாற்றமும் சேசிஸை வெட்டாமல், நட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாக இருக்கட்டும். கழற்றிய பொருளுக்குச் சீட்டுக் கட்டிப் பெட்டியில் வையுங்கள்.

நண்பர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "நன்றாக ஓடியதா" என்று கேட்டால் ஆம் என்பார்கள். "முன்பக்கத்தை எந்த வண்டியிலிருந்து எடுத்தார், அன்று ஜாக்கி பிடித்தது யார், எஞ்சினை இறக்கச் சங்கிலியை எங்கே கட்டினீர்கள்" என்று கேளுங்கள்; கைகள் செய்த வேலையை மனம் மறப்பதில்லை. அவர் மனைவியிடம் அனுமதி கேட்டுக் கொட்டகையையும் பாருங்கள். இப்படி வேலை செய்தவர்கள் பழைய ஆறு நட் டிரம்களை எளிதில் தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள், சுவரிலோ குறிப்பேட்டிலோ ஆயில் மாற்றிய மைல் கணக்கை எழுதி வைத்திருப்பார்கள். முன் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்த பிறகு, இரண்டும் இறுகியிருந்தனவா, ஒன்று மட்டுமா என்பதை இங்கே எழுதுங்கள். அங்கிருந்து அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.